சந்தைக் காயும் தோட்டத்துக் காயும் ஒரே வாரத்தில் குவிந்துவிட்டால் எதை முதலில் சமைப்பது?

புதினாக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை சந்தைக்குப் போய் ஆசை ஆசையாக இரண்டு பை நிறைய வாங்கி வந்தேன். ஆறு சோளக்கதிர், ஒரு கிலோ கத்தரிக்காய், பீன்ஸ், வெள்ளரி, ஒரு கட்டு பேசில் (துளசி மாதிரி வாசனை இலை), இலையோடு ஒரு கட்டு பீட்ரூட். அதே வாரம் பார்த்துத் தோட்டத்தில் தக்காளியும் சுக்கினியும் (வெள்ளரி மாதிரி நீளமான பூசணி வகை) போட்டி போட்டுக்கொண்டு காய்த்துவிட்டன. எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்தேன், வாரம் முழுவதும் கவலையில்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை திறந்து பார்த்தால் பேசில் கறுத்துக் கிடக்கிறது. வெள்ளரியின் தோலில் குழி குழியாக இருக்கிறது, தொட்டால் நீர் கசிகிறது. பீட்ரூட் ரப்பர் மாதிரி வளைகிறது. சோளத்தை வேகவைத்தால் மாவைத் தின்பது போல இருக்கிறது, இனிப்பே இல்லை. தக்காளி மட்டும் பார்க்க அழகாக இருந்தது, நறுக்கி வாயில் போட்டால் வாசனை எதுவும் இல்லை. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தக்காளி, மனது கேட்கவில்லை.

நாங்கள் நாலு பேர், எல்லோரும் சைவம். கேள்வி இரண்டுதான். எதை முதலில் சமைக்க வேண்டும், எது காத்திருக்கும்? அப்புறம், இந்த வெயிலில் அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்காமல், வயிறும் நிறைகிற மாதிரி என்ன செய்யலாம்? வெறும் சாலட் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பையன் ரொட்டி டப்பாவைத் திறந்துவிடுகிறான்.

மண்வெட்டி

அக்கா, பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே தள்ளுகிறது. எந்தக் காய் வேகமாக மூச்சு விடுகிறதோ அது சீக்கிரம் தளர்ந்துவிடும், அதைத்தான் முதலில் சமைக்க வேண்டும். சோளம், பீன்ஸ், வெண்டைக்காய், கீரை இந்த வகை. வெங்காயம், உருளைக்கிழங்கு, முற்றிய பூசணி எல்லாம் நிதானமாக மூச்சு விடுபவை, வாரக்கணக்கில் காத்திருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் ஏறிவிட்டால் சமையல் பட்டியலே மாறிவிடும். நான் இப்போதெல்லாம் என்ன சமைப்பது என்று யோசித்துவிட்டுச் சந்தைக்குப் போவதில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பிப் பார்த்து, எதற்கு ஆயுள் குறைவோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

சோளம் எல்லாவற்றிலும் அவசரமானது. சாதாரண இனிப்புச் சோளம் 30 டிகிரி செல்சியஸில் ஒரே நாளில் தன் சர்க்கரையில் 60 சதவீதம் வரை இழந்துவிடும், உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் அதே ஒரு நாளில் 6 சதவீதம்தான். அதனால் சந்தை மேசையில் வெயிலில் கிடக்கும் நேரமும் கணக்கில் சேரும். விற்கிறவரிடம் எப்போது ஒடித்தது என்று கேளுங்கள், இன்று காலை என்றால் வாங்குங்கள், வாங்கிய அன்றே சமையுங்கள். முடியாவிட்டால் தோலை உரிக்காமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் முடியுங்கள். சூப்பர்ஸ்வீட் ரகம் என்றால் கொஞ்ச நாள் தாங்கும்.

இதற்கு நேர்மாறாகக் குளிரைத் தாங்காத கூட்டம் ஒன்று இருக்கிறது. கத்தரி, வெள்ளரி, சுக்கினி, பேசில், தக்காளி. இவை எல்லாம் வெப்பமான இடத்துச் செடிகள், 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் உயிரணுக்கள் உடைந்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது. உங்கள் வெள்ளரியில் விழுந்த குழி, பேசிலின் கறுப்பு, இரண்டும் குளிர்க்காயம்தான். பேசிலைக் காம்பு நுனியை வெட்டி, பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் மேசை மேல் வையுங்கள். வெள்ளரியைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் குளிர் குறைந்த இடத்தில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். தக்காளிக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், தக்காளி விடும் எத்திலீன் வாயு வெள்ளரியை மஞ்சளாக்கிவிடும்.

பீட்ரூட்டில் இலையை வீட்டுக்கு வந்ததும் இரண்டு விரல் காம்பு விட்டு வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலை முதல் நாள் சமையலுக்கு, கிழங்கு அடுத்த வாரத்துக்கு. எதையும் கழுவி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் அழுகல் சீக்கிரம் வரும். சமைக்கும்போது கழுவினால் போதும்.

நாலாவதுமாடி

தக்காளி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. என் சமையலறை மதியத்தில் 35 டிகிரி. வெளியே வைத்த தக்காளி இரண்டாம் நாள் காம்பைச் சுற்றிக் கறுத்து, மூன்றாம் நாள் ஈ மொய்க்கிறது. வாசனை போனால் போகட்டும், குப்பைக்குப் போவதைவிட மேல் இல்லையா?

மண்வெட்டி

நீங்கள் சொல்வதும் சரிதான் நண்பரே, நான் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் கெட்டியாக, பழுக்க வேண்டிய தக்காளியைக் குளிரில் வைத்தால் பழுப்பதே நின்றுவிடும். அதற்கு வெளியேதான் இடம், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், ஈரம் போவதும் பூஞ்சை நுழைவதும் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாகத்தான். நன்றாகப் பழுத்துவிட்டது, வீடும் கொதிக்கிறது என்றால் ஒன்றிரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு வாரம்தான் கூடாது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த தக்காளியில் வாசனை தரும் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிப்போனதைக் கண்டார்கள், பிறகு ஒரு நாள் வெளியே வைத்தும் வாசனை பழையபடி திரும்பவில்லை. புதினாக்கட்டு அக்கா சொன்ன அழகான வாசனையில்லாத தக்காளி கிட்டத்தட்ட இதுதான்.

அப்படி வாசனை போன தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள், எண்ணெயில் வதக்கிச் சாறு சுண்டவிடுங்கள், அதற்கு அது போதும்.

உப்புக்கல்

அடுப்பில்லாத சமையல் பற்றி நான் சொல்கிறேன். வெயில் காலத்தில் பாதி வேலையை உப்பிடம் கொடுத்துவிட வேண்டும். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர், வெள்ளரியிலும் சுக்கினியிலும் அதே அளவுதான். அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுவந்து திரும்பச் சுவையாகச் சேர்ப்பதுதான் இந்தக் காலத்துச் சமையல் என்று எனக்குத் தோன்றும்.

பழுத்த தக்காளியைப் பெரிய துண்டுகளாக அரிந்து அகலத் தட்டில் பரப்பி உப்பைத் தூவிப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் வெளிர்சிவப்பாகச் சாறு கோத்து நிற்கும், அதில் மஞ்சளாய் விதைக்கூழ் மிதக்கும். பலர் அந்தக் கூழை வழித்துப் போடுகிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். நாக்குக்கு நிறைவு தரும் குளுட்டமேட் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம். அந்தச் சாற்றிலேயே நசுக்கிய பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு, எண்ணெய் விட்டு அடித்தால் சாலட்டுக்கு ஊற்றும் குழம்பு தயார். நேற்றைய காய்ந்த ரொட்டியைக் கிழித்துப் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு.

சுக்கினியைத் துருவி, அரைக் கிலோவுக்கு முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிடம் கழித்துத் துணியில் கட்டிப் பிழியுங்கள். கை வலிக்கப் பிழியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வரும், கையில் ஒரு பச்சை உருண்டை மிஞ்சும். அதைச் சூடான அகலச் சட்டியில் மூன்று நிமிடம் வதக்கினால் போதும், சொதசொதவென்று ஆகாது. நசுக்கிய கொண்டைக்கடலை, வெங்காயம், கொஞ்சம் மாவு சேர்த்துத் தட்டி எண்ணெய் தடவிச் சுட்டாலும் பிரமாதமாக இருக்கும். பிழியாமல் செய்கிறவர்களுக்குத்தான் சுக்கினி என்றாலே தண்ணீர்க் காய் என்ற அலுப்பு வருகிறது.

இலைச்சருகு

கத்தரிக்காய்க்கும் இதே மாதிரி உப்புப் போட வேண்டுமா? கசப்பு போகத்தான் உப்பு என்று படித்திருக்கிறேன். நான் போடாமலே செய்கிறேன், கசந்ததே இல்லை.

உப்புக்கல்

இப்போது கிடைக்கும் ரகங்களில் கசப்பு மிகக் குறைவு தம்பி, இளசாகப் பறித்ததில் இருக்கவே இருக்காது. நான் உப்புப் போடுவது எண்ணெய்க்காக. கத்தரியின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே எல்லாம் காற்று இடைவெளி, சட்டியில் போட்டதும் எண்ணெயைக் குடித்துவிடும். அரை மணி நேரம் உப்பில் கிடந்தால் அந்தப் பஞ்சு தளர்ந்து அமுங்கிவிடும், பிறகு பாதி எண்ணெய் போதும். சுட்டுச் சாப்பிடுவதானால் உப்பே வேண்டாம். முழுக் காயை நாலு இடத்தில் குத்தி நேரடியாக நெருப்பில் வைத்து, தோல் கருகிக் காம்பு தளரும்வரை திருப்பித் திருப்பிச் சுட வேண்டும், குத்தாமல் வைத்தால் வெடிக்கும். மூடி வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தோலை உரித்தால் உள்ளே சதை வெண்ணெய் மாதிரி. அதைத் தயிரோடும் பூண்டோடும் மசித்தால் காலையில் செய்து இரவுவரை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், குளிர்ந்தால் ருசி கூடும்.

புதினாக்கட்டு

பிழிந்து பார்த்தேன். உண்மையாகவே ஒரு டம்ளர் வந்தது! அந்தத் தண்ணீரை என்ன செய்வது? கீழே ஊற்ற மனம் வரவில்லை.

உப்புக்கல்

உப்பு இருப்பதால் செடிக்கு ஊற்றாதீர்கள். சூப்பில் சேருங்கள், அந்தச் சூப்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

புதுத்தொட்டி

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். எங்கள் தோட்டத்துச் சுக்கினி இந்த வருஷம் பயங்கரமாகக் கசக்கிறது. போன வருஷக் காயிலிருந்து எடுத்து வைத்த விதை. உப்புப் போட்டுப் பிழிந்தால் கசப்பு போய்விடுமா? காய் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று இரவு சமைக்கலாம் என்று இருக்கிறேன்.

மண்வெட்டி

சமைக்காதீர்கள். தயவுசெய்து அந்தக் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், செடியையும் பிடுங்கிவிடுங்கள்.

அந்தக் கசப்பு குகுர்பிட்டாசின் என்ற நச்சு. சுரை, பூசணி, வெள்ளரிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பூச்சியிடமிருந்து தப்பிக்க வைத்திருப்பது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதைக் குறைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் அலங்காரப் பூசணி எதையாவது யாராவது வளர்த்திருந்தால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையை அடுத்த வருஷம் போட்டால் கசப்பு திரும்பி வந்துவிடும். வேகவைத்தாலும் போகாது, உப்புக்கும் போகாது. கடுமையான வாந்தியும் பேதியும் வரும். 2015-இல் ஜெர்மனியில் கசந்த வீட்டுத் தோட்டத்துச் சுக்கினி சாப்பிட்ட பிறகு ஒரு முதியவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. சொந்தத் தோட்டத்துக் காய் என்றால் சமைக்கும் முன்பு நுனியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் விதையைச் சேமிக்காமல் வெளியே வாங்குவது நல்லது.

புதுத்தொட்டி

மிக்க நன்றி அண்ணா. பக்கத்துத் தோட்டத்தில் அலங்காரப் பூசணி படர்ந்திருந்தது உண்மைதான், இப்போதுதான் நினைவு வருகிறது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கொடுத்து அனுப்பிய இரண்டு காயையும் சமைக்க வேண்டாம் என்று ஃபோனில் சொல்லிவிட்டேன்.

நாலாவதுமாடி

ஆபத்து என்று பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு சின்னத் தக்காளியும் பூண்டும் எண்ணெயில் மூழ்க வைத்து மெல்லிய சூட்டில் வேகவைத்து, பாட்டிலில் ஊற்றிச் சமையலறை அலமாரியிலேயே இரண்டு வாரம் வைத்திருந்தேன். எண்ணெய்க்குள் இருப்பது கெடாது என்று நம்பினேன். தோழி ஒருத்தி பார்த்துவிட்டுப் பதறிப்போய்த் தூக்கிப் போடச் சொன்னாள். காற்று புகாத எண்ணெய், புளிப்பில்லாத பூண்டு, அறை வெப்பம், இந்த மூன்றும் சேர்ந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம், அது வாசனையோ நிறமாற்றமோ எதுவும் காட்டாது. இப்போது சின்னக் கிண்ணம் அளவு மட்டும் செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடிக்கிறேன். பேசில், புதினா போட்ட எண்ணெய்க்கும் இதே கணக்குதான்.

கரண்டிக்காம்பு

வயிறு நிறைவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. வெள்ளரியும் தக்காளியும் எவ்வளவு சாப்பிட்டாலும் அது தண்ணீர்தான், பையனுக்குப் பசிப்பதில் என்ன ஆச்சரியம்! பயறும் கொட்டையும் தயிரும் பனீரும் டோஃபுவும் சேர்ந்தால்தான் சாப்பாடு. ஞாயிறு காலை வெயில் ஏறும் முன்பு கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ ஒரு பெரிய பாத்திரம் வேகவைத்துவிடுகிறேன், வாரத்துக்கு அதோடு அடுப்புக்குப் பெரிய வேலை இல்லை. மூன்று, நாலு நாளுக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜில் வைத்து மீதியை ஃப்ரீசரில் போடுகிறேன். இரவில் அந்தப் பயறு ஒரு பங்கு, நறுக்கிய காய் இரண்டு பங்கு, உப்புக்கல் சொன்ன தக்காளிச் சாறு, மேலே வறுத்த கொட்டை ஒரு கைப்பிடி. எங்கள் வீட்டில் நடு இரவில் டப்பா திறக்கும் சத்தம் நின்றுவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வீடு சூடாகக் கூடாது என்று ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள லெக்டின் நச்சு குறைந்த சூட்டில் அழியாது, அரைகுறையாக வெந்தது பச்சையாக இருப்பதைவிட மோசம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் மற்றது. சமைத்த சாப்பாட்டை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

இலைச்சருகு

மிஞ்சியதை ஃப்ரீசரில் வைப்பது பற்றி: தக்காளியை வேகவைக்காமல், உரிக்காமல், முழுதாகப் பையில் போட்டு உறைய வைக்கலாம். எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் கையோடு கழன்று வரும். பீன்ஸை மட்டும் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து உறைய வையுங்கள், அப்படியே வைத்தால் இரண்டு மாதத்தில் வைக்கோல் வாசனை வந்துவிடும்.

சோளத்தை உதிர்த்த கட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வெங்காயத்தோடு முக்கால் மணி நேரம் கொதித்தால் இனிப்பான வடிநீர் கிடைக்கும், சூப்புக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

புதினாக்கட்டு

ஒரு வாரம் கழித்து வந்திருக்கிறேன். நேற்று மறுபடியும் சந்தை. இந்த முறை பட்டியல் இல்லாமல் போனேன். சோளம் எப்போது ஒடித்தது என்று கேட்டேன், நேற்று மதியம் என்றார், நகர்ந்துவிட்டேன். அடுத்தவர் இன்று விடியற்காலை என்றார், தோலைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் ஒரு மணியை அழுத்திக் காட்டினார், பால் மாதிரித் தெறித்தது. வந்ததும் அதைத்தான் முதலில் சமைத்தேன், கொதிநீரில் மூன்றே நிமிடம். மூத்தவள் கேட்டாள், இதில் சர்க்கரை போட்டாயா என்று.

பீட்ரூட் இலையை அன்று இரவே பூண்டோடு வதக்கிவிட்டேன். பேசில் டம்ளரில் நிற்கிறது, இன்று காலை தண்ணீருக்குள் வெள்ளையாக வேர் விட்டிருப்பதைப் பார்த்தேன். கத்தரியைச் சுட்டேன், ஆனால் தயிரில் மசித்ததும் கொஞ்சம் சாம்பல் நிறமாகிவிட்டது. ருசி நன்றாகத்தான் இருந்தது, பையன் நிறத்தைப் பார்த்துத் தயங்கினான். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, உப்புக்கல் அக்கா?

உப்புக்கல்

தோலை உரித்ததும், சதை சூடாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாறு விட்டுவிடுங்கள். காற்றுப் பட்டுக் கறுப்பதைப் புளிப்பு தடுக்கும். கருகிய தோல் துணுக்கு ஒட்டியிருந்தாலும் நிறம் மங்கும், கையை நனைத்துக்கொண்டு உரித்தால் சுத்தமாக வரும், காயைத் தண்ணீரில் கழுவாதீர்கள், சுட்ட வாசனை போய்விடும். அப்புறம், வேர் விட்ட பேசிலைத் தொட்டியில் நட்டுவிடுங்கள். முதல் ஒரு வாரம் நிழலில்.